ஆறாம் வேற்றுமை

வாசலில் வந்து வாலை உயர்த்தினால் அவன் என் பையன்.
வாந்தி எடுத்தால் உன் பூனை.
ஈசூன் பதினோராம் மாடியில், மூன்று வருடமாக
எங்கள் சண்டை எல்லாம் ஆறாம் வேற்றுமையில்தான்.

கல்லாவை எண்ண வந்த முதலாளிபோல நடப்பதால்
தவ்க்கே என்று பெயர் வைத்தோம்.
வைத்தது யார் என்பதிலும் தகராறு உண்டு.

"உங்க பூனை என் லேப்டாப்ல படுத்து
மேனேஜருக்குப் பதினேழு கேள்விக்குறி அனுப்பியிருக்கு."
"உன் பூனைதானே,
நெத்திலி டப்பாவைத் திறந்து வச்சு வளர்த்தவ நீ."
தவ்க்கே நடுவில் உட்கார்ந்து
பின்னங்காலை நக்குவான்,
வாய்தா கேட்டுவிட்டு வந்தவன்போல.

அன்று சாங்கியில் இரவுப் பணி.
வீடு வரும்போது மணி இரண்டே முக்கால்.
பசி.
மேல் அலமாரியில் மீ பாக்கெட்டைத் துழாவிய முழங்கை
ஈப்போவில் கோமளா பேரம் பேசி வாங்கிய
நீலத் தட்டைத் தள்ளிவிட்டது.

எழுந்து வருவாள் என்று அசையாமல் நின்றேன்.
அறைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றியது.
துண்டுகளை நாளிதழில் சுற்றிக் குப்பைக் குழாயில் விட்டேன்,
அது தரைவரை இறங்கும் நேரமெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பிறகு சோபாவில் சாய்ந்து வாட்ஸ்அப்பில் தட்டினேன்:
"உன் தவ்க்கே நீலத் தட்டை உடைச்சிட்டான். நான் கூட்டிட்டேன்."
கடைசி இரண்டு சொல்லில் கொஞ்சம் பெருமை வேறு.

காலையில் படித்தாள்.
"அப்படியா," என்றாள்.
அவ்வளவுதான்.
ஓரத்தில் வைத்தது யார் என்றில்லை,
உங்க பூனை என்று திருத்தவுமில்லை.
வாதாடாமலே ஜெயித்த வழக்கு
வயிற்றைப் பிசைந்தது.

மணல் தட்டில் ஒரு தடம் இல்லை.
துணி அலமாரியின் உச்சியில் ஆள் இல்லை.
"எங்க அவன்?"
"எங்கயாவது படுத்திருப்பான்."
என் கோப்பியில் இரண்டாம் முறையாகச் சீனி போட்டாள்.

ஒன்பது மணிக்கு என் கைப்பேசி.
"தவ்க்கேயின் அப்பாதானே? அம்மா எடுக்கவில்லை, அதான்.
நூல் முழுசா வெளியே வந்துட்டது.
இப்ப கொஞ்சம் சாப்பிட்டான்."

நூல்.
ரவிக்கைக்குக் கொக்கி தைத்துச் சோபாவிலேயே விட்ட நூல்.
நேற்று மாலை ஆறு மணியிலிருந்து
மருத்துவமனைக் கூண்டில் ஊசிக்குழாயோடு கிடந்த பூனை
இரண்டே முக்காலுக்கு என் சமையலறையில்
ஒரு தட்டை உடைத்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள்.
என் பொய்யைப் பிடிக்க
அவள் தன் பொய்யைத் திறக்க வேண்டியிருந்தது;
அதற்காகவே விடியலிலிருந்து வாயை மூடியிருந்தாள்.

சிரித்தோம் என்று எழுத ஆசைதான்.
சிரிக்கவில்லை.
"ஊசி?" என்றேன்.
"டப்பாவை மூணு தடவை எண்ணிட்டேன். எல்லாம் இருக்கு."
சொல்லும்போது குரல் உடைந்தது,
தட்டைவிடச் சின்னச் சத்தத்தில்.

மருத்துவமனை முகப்பில் ஒரு படிவம்.
உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு.
பேனாவை அவள் என் பக்கம் நகர்த்தினாள்.
நான் அவள் பக்கம்.
கட்டணம் ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி
என்பதால் மட்டுமல்ல.

வீட்டுக்கு வந்தான்,
கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு, வானொலி நிலையம்போல.
அகலம் தெரியாமல் மேசையில் ஏறித் திரும்பியதில்
என் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.
"உங்க..." என்று தொடங்கிய கோமளா நிறுத்திக்கொண்டாள்.
நான் எழுந்து தரைத்துடைப்பானைத் தேடினேன்.
கதவுக்குப் பின்னால் இல்லை. குளியலறையிலும் இல்லை.

"கடைசியா எடுத்தது நீங்கதான்," என்றாள்.
"சத்தியமா நீதான்."
ஈரம் எங்கள் கால்வரை வந்துகொண்டிருந்தது.